நாயின் உயரத்திலிருந்து ஓர் எரிமலை

பிரான்சின் நடுப்பகுதியில், கிளெர்மோன் ஃபெரான் நகரத்தை ஒட்டி ருவயா, ஷமாலியேர் என்று இரண்டு ஊர்கள் உண்டு. வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் பேர்போன இடம். அங்கே பழைய லாவாப் பாறைக்குள் ஒரு சின்னக் குகை இருக்கிறது. அதன் பெயர் 'நாய்க் குகை'. ஒரு காலத்தில் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தார்கள். பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. எரியும் மெழுகுவத்தியை மெல்லத் தரையை நோக்கி இறக்குவார்கள். ஒரு மட்டத்துக்குக் கீழே வந்ததும் ஊதாமலேயே அணைந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. கூடவே ஒரு நாய் இருந்தால் அதற்குத் தலை சுற்றும்.

பெயர் இத்தாலியிலிருந்து வந்தது. நேப்பிள்ஸ் அருகே அன்யானோ என்ற எரிமலைப் பள்ளத்தில் இதே பெயரில் இன்னொரு குகை, இதைவிடப் பழையது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய கனவான்கள் பல தலைமுறைகளாக அங்கே போனார்கள். வழிகாட்டி ஒரு நாயைப் பிடித்துக் குகையின் தரையோடு அழுத்தி வைப்பான். சற்று நேரத்தில் அது மயங்கி விழும். வெளியே தூக்கிவந்து பக்கத்து ஏரியில் போட்டால் எழுந்துவிடும். சில சமயம் எழாது. ஏரித் தண்ணீருக்கு உயிர்ப்பிக்கும் சக்தி உண்டு என்று பலர் நம்பியிருக்கிறார்கள். உண்மையில் அந்த நாயைக் காப்பாற்றியது வெளிக்காற்றுதான். அந்த ஏரியையே 1870இல் வற்றவைத்துவிட்டார்கள். அடுத்தடுத்த பயணிக்காக எத்தனை நாய்கள் ஒரே நாளில் எத்தனை முறை மயங்கினவோ, நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன என்பது எளிது. எரிமலைப் பூமியில் மலை அணைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன பிறகும் அடியாழத்திலிருந்து கரியமில வாயு கசிந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. காற்றோட்டம் இல்லாத பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். ருவயாவுக்கு மேலே நிற்கும் புய் த டோம் மலைக்கும் இந்தக் கனத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிளெர்மோனில் பிறந்த பிளெஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரான் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயை அந்த மலைமேல் தூக்கிப்போனார். கீழே மடத்துத் தோட்டத்தில் இருந்த அளவைவிட உச்சியில் பாதரசம் தெளிவாகவே இறங்கி நின்றது. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப்போக அந்த எடை குறைகிறது என்று காட்டிய பரிசோதனை அது. மலையின் உச்சியில் தெரிந்த அதே சங்கதியைத்தான் அடிவாரத்துக் குகையும் காட்டுகிறது, நாயின் செலவில். கனமானது கீழே தங்கும். நாய் இருப்பதும் கீழேதான்.

நாயோடு இந்த மலைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு இந்தக் குகை வாயு பெரிய ஆபத்தல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலே மலைகளில் காற்று விடாமல் அடிக்கிறது, வாயு தேங்க வழியில்லை. பழைய குகை, கைவிட்ட நிலவறை, கொப்புளம் விடும் கனிம ஊற்றுக்குப் பக்கத்துக் குழி, இவற்றில் நாயைத் தலை நுழைக்க விடாமல் இருந்தால் போதும். ஆனால் அந்தக் குகை ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. எரிமலைப் பூமியின் விசேஷம் எல்லாம் தரையில் இருக்கிறது. கல்லின் கூர்மை, அதன் சூடு, தண்ணீர் நிற்காத தன்மை, புல்லுக்குள் ஒளிந்திருப்பவை என எதுவுமே ஐந்தரை அடி உயரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. எரிமலைக் கையேடுகளைப் புரட்டினால் கல்லைக் காணலாம், நாயைக் காணோம். நாய் வளர்ப்புக் கையேடுகளில் நாய் உண்டு, கல்லைக் காணோம். பழமொழி வேறு எதற்கோ சொன்னது, இங்கே நேராகவே பொருந்துகிறது.

சரி, இடத்தைப் பார்ப்போம். ஓவெர்ன் பகுதியில் 'புய்' என்றால் குன்று. கிளெர்மோன் ஃபெரானுக்கு மேற்கே, வடக்குத் தெற்காக 30 கிலோமீட்டருக்கு மேல் வரிசை கட்டி நிற்கும் சுமார் 80 சிறு எரிமலைகளைத்தான் 'புய் வரிசை' என்கிறார்கள். முதலாவது வெடித்து ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வரிசையின் கடைசிக் குன்றுகள் அடங்கி 8,000 ஆண்டுகள்தான் இருக்கும், மனிதர்கள் பார்த்திருக்கக்கூடிய காலம். பக்கத்து லிமாஞ் நிலப்பிளவோடு சேர்த்து 2018இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. வேடிக்கை என்னவென்றால், 1751வரை இவை எரிமலைகள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த வழியாகப் பயணம் போன ழான் எத்தியென் கெத்தார் என்ற இயற்கை அறிஞர், அக்கம்பக்கத்தில் கட்டடத்துக்குப் பயன்பட்ட கறுப்புக் கல்லைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே போய் வோல்விக் ஊரில் நின்றார். கிளெர்மோன் பேராலயம் கன்னங்கரேலென்று இருப்பதும் அந்த வோல்விக் கல்லால்தான்.

குன்றுகள் சுமார் ஆயிரம் மீட்டர் உயரப் பீடபூமியின் மேல் உட்கார்ந்திருப்பதால், ஏற வேண்டிய உயரம் குறைவு. 1,465 மீட்டர் புய் த டோம்தான் வரிசையில் உயரமானது. மற்ற பலவற்றில் 200, 250 மீட்டர் ஏறினால் உச்சி. அதனால்தான் நாயோடு போகிறவர்களுக்கு இது எளிய இடம் என்று பெயர். உயரத்தை மட்டும் பார்த்தால் அது உண்மை. தரையைப் பார்த்தால் அவ்வளவு உண்மை இல்லை.

அந்தத் தரையை உள்ளூரில் 'புசோலான்' என்பார்கள். நேப்பிள்ஸ் பக்கத்துப் பொத்சுவோலி ஊரின் பெயரிலிருந்து வந்த சொல், நாய்க் குகைக்கு மிக அருகில் உள்ள ஊர். வெடிப்பின்போது வாயு நிரம்பிய குழம்பு வானத்தில் சிதறி, விழும் முன்பே உறைந்து, சுட்ட செங்கல் உடைசல் போல ஆகிவிடுகிறது. சிவப்பாகவும் கறுப்பாகவும், துளைத்துளையாக, தூக்கினால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். பனிக்காலத்தில் சாலை வழுக்காமல் இருக்க இதைத்தான் கொட்டுவார்கள். பூந்தொட்டிகளிலும் போடுவார்கள். வழுக்காமல் பிடிக்கிறது என்றால் காரணம் உண்டு. ஒவ்வொரு துளையின் விளிம்பும் பாதி கண்ணாடி. உப்புத்தாள் மாதிரி.

நாயின் உள்ளங்கால் தடித்த தோல்தான், அடியில் கொழுப்புத் திண்டும் உண்டு. ஆனால் தடிப்பு என்பது பிறவிச் சொத்து இல்லை, சம்பாதிப்பது. தினமும் கரடுமுரடான தரையில் நடக்கும் நாய்க்குக் கால் காய்த்துப் போயிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வழவழப்பான தரையிலும் புல்வெளியிலும் வளர்ந்த நாயை நேராக ஆறு மணி நேரம் புசோலான் மேல் நடக்க வைத்தால், மாலையில் உள்ளங்கால் தேய்ந்து சிவந்திருக்கும், அல்லது தோல் மடல் போலப் பிரிந்திருக்கும். நாய் அதைச் சொல்லாது என்பதுதான் சங்கடம். நடக்கும் உற்சாகத்தில் வலியை மறந்து ஓடும். வண்டியில் ஏறிப் படுத்து அரை மணி நேரம் கழித்து இறங்கும்போதுதான் நொண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை காலைத் தூக்கிப் பார்ப்பது, விரல் இடுக்கில் சிக்கிய கல்லை எடுப்பது, இரண்டும் ஒரு நிமிட வேலை. நாய்க்கான காலுறைகள் விற்கிறார்கள். நல்லவைதான், ஆனால் மலையில் முதல்முறையாக மாட்டிவிடக்கூடாது. வீட்டில் ஒரு வாரம் பழக்காத நாய், அதை மாட்டியதும் பாதையின் நடுவே சிலையாக நின்றுவிடும்.

இறக்கத்தில் இன்னொரு விஷயம். புசோலான் சரிவு உருளும் கல். சங்கிலியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பது ஐரோப்பாவில் இப்போது பெரிய வழக்கம். ஏறும்போது நாய் இழுப்பது சுகமாகவும் இருக்கும். இறங்கும்போது அதே இழுப்பு ஆளைக் கவிழ்த்துவிடும். இறக்கத்தில் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதே நல்லது. பாதையை விட்டு விலகினால் வேறு நஷ்டமும் இருக்கிறது. இந்தக் குன்றுகள் பாறை மலைகள் அல்ல, கொட்டிவைத்த சரளைக் குவியல்கள். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய புல்தோல் கிழிந்தால் மழை உள்ளே புகுந்து அரித்துவிடும். 1,209 மீட்டர் உயரமும் 90 மீட்டருக்கு மேல் ஆழமான அழகிய பள்ளமும் உள்ள பரியு குன்றில் மரப் படிக்கட்டு போட்டிருப்பது பார்வையாளரின் வசதிக்காக மட்டும் அல்ல, குன்று கரையாமல் இருக்கவும்தான். சரிவில் குறுக்கே பாய்ந்து மண்ணைத் தோண்டும் நாய் ஒன்று என்றால் பரவாயில்லை. அங்கே வருவது ஒன்று இல்லை.

அடுத்தது தண்ணீர். பசுமையான மலை, ஏராளமான மழை, கடைகளில் விற்கும் வோல்விக் தண்ணீர் பாட்டில், எல்லாம் சேர்ந்து இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இருக்காது என்று நினைக்க வைக்கும். உண்மை நேர் எதிர். புய் வரிசையின் மேற்பரப்பில் ஓடையே கிடையாது என்று சொல்லிவிடலாம். பெய்யும் மழை அத்தனையும் துளைக்கல் வழியே நேராகக் கீழே இறங்கி, பழைய லாவா ஓட்டங்களுக்கு அடியில் புதைந்துபோன பள்ளத்தாக்குகளில் மெல்ல வடிந்து, லாவா முடியும் நுனியில்தான் ஊற்றாக வெளியே வருகிறது. வோல்விக் ஊற்று அப்படிப்பட்டது. ருவயாவின் நன்னீர் ஊற்றுகளும் அப்படியே. பழைய ஊர்கள் பலவும் லாவாவின் நுனியில் அமைந்ததற்கு அதுவே காரணம். இந்தப் பாட்டில் தண்ணீரின் ஊரில், நாய்க்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல் அரை நாள் நடக்கலாம்.

ஆகவே தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். சும்மா இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐம்பது அறுபது மில்லி தண்ணீர் தேவை. நடக்கும் நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 20 கிலோ நாய் என்றால் இரண்டு லிட்டர், அதாவது இரண்டு கிலோ கூடுதல் சுமை. மொத்தமாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

தண்ணீரும் சூடும் ஒரே கதைதான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் சிறிதளவு வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான் அதன் குளிரூட்டி. சாதாரணமாகவே அதன் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கறுப்புப் புசோலான் வெயிலை விழுங்கி வைத்துக்கொள்ளும். நம் முகத்தில் மலைக்காற்று ஜில்லென்று படும்போது, ஓரடி உயரத்தில் வயிற்றைத் தொங்கவிட்டு நடக்கும் நாய்க்குக் கீழேயிருந்து அடுப்பு எரிகிறது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயை நடத்தக்கூடாது என்பது பழக்கத்தில் உள்ள எளிய சோதனை. பக், புல்டாக் மாதிரித் தட்டை மூக்கு இனங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. கோடைப் பகலில் அவற்றை எரிமலைச் சரிவில் ஏற்றுவது வதை. இன்னொன்று, கட்டவிழ்த்துவிட்ட நாய் நாம் நடக்கும் தூரம் நடப்பதில்லை. முன்னே ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடி, நம் பத்து கிலோமீட்டரைப் பதினைந்து இருபதாக்கிவிடும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்றவர் இதைக் கவனித்துத்தான் சொல்லியிருப்பார்.

இளைப்பு அடங்காமல், ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் அன்றைய நடை முடிந்தது. நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பை நனைத்து, விசிறிவிட்டு, அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். 'தெளிந்துவிட்டதே' என்று விட்டுவிடக்கூடாது, உள்ளுறுப்புச் சேதம் தாமதமாகத்தான் தெரியும்.

தண்ணீர் இல்லாத மேட்டிலிருந்து இறங்கினால் ஏரிகள் வருகின்றன, எல்லாமே எரிமலை செய்தவை. தெற்கே பவேன் ஏரி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த வெடிப்பின் குழி. வட்டமாக, 90 மீட்டருக்கு மேல் ஆழமாக, இருண்டு கிடக்கும். கல்லெறிந்தால் புயல் கிளம்பும் என்று பழங்கதை. அடியாழத் தண்ணீர் மேல் தண்ணீரோடு கலக்காமல் வாயுக்களைக் கரைத்து வைத்திருக்கும் விசித்திரமான ஏரி. அங்கே நீச்சலுக்குத் தடை. எய்தா ஏரி வேறு வகை. 8,600 ஆண்டுகளுக்கு முன்பு இரட்டைக் குன்றுகளிலிருந்து ஓடிவந்த லாவா வேய்ர் ஆற்றின் பள்ளத்தாக்கை அடைத்ததால் தேங்கியது. படகு, கரை, உணவகம் எல்லாம் உண்டு.

களைத்து வரும் நாய் நேராக ஏரிக்குத்தான் பாயும். கோடையில் அங்கேதான் கவனம் வேண்டும். வெப்பமும் உரச்சத்தும் சேர்ந்தால் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி பெருகும், எய்தா ஏரி இதற்குப் பெயர் வாங்கிய ஒன்று. சில வகைப் பாசிகள் நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. 2017இல் லுவார் ஆற்றங்கரையில் நாய்கள் இதனால் செத்தன. மனிதர் பச்சைத் தண்ணீரைப் பார்த்து ஒதுங்குவார். நாய் குடிக்கும், கரையில் ஒதுங்கிய பாசியைத் தின்னும், நனைந்த முடியை நக்கும். ஒரே ஏரி, இரு வேறு ஆபத்து அளவு. கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. தண்ணீர் பட்டாணிச் சாறு போலவோ பெயின்ட் கொட்டியது போலவோ இருந்தால் பலகை இல்லாவிட்டாலும் விலகுவது நல்லது.

சட்டத்துக்கு வருவோம், குழப்பம் இங்கேதான் அதிகம். இந்தப் பகுதி முழுக்க 1977இல் அமைந்த ஓவெர்ன் எரிமலைகள் வட்டார இயற்கைப் பூங்காவுக்குள் வருகிறது. 'பூங்கா' என்றதும் நாய்க்குத் தடை என்று நினைப்பார்கள். தேசியப் பூங்காக்களின் மையப்பகுதிக்குத்தான் பெரும்பாலும் அது பொருந்தும். வட்டாரப் பூங்காவில் மக்கள் வாழ்கிறார்கள், உழுகிறார்கள், நாய் வளர்க்கிறார்கள். பொதுவான தடை இல்லை. ஆனால் நாடு முழுவதற்குமான விதிகள் உண்டு. 1955 மார்ச் 16 ஆணைப்படி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை காட்டில் பாதையை விட்டு வெளியே நாயைக் கட்டில்லாமல் விடக்கூடாது. குஞ்சும் குட்டியும் தரையில் இருக்கும் காலம். மற்ற மாதங்களிலும், கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்கோ 100 மீட்டருக்கு அப்பாலோ போய்விட்ட நாயைச் சட்டம் 'திரியும் நாய்' என்றே கருதும்.

இதற்கு மேல் இடத்துக்கு இடம் மாறும். மிகப் புகழ்பெற்ற புய் த டோம் உச்சியில் நாய்க்கு அனுமதி இல்லை, 2012இல் திறந்த பல்சக்கர ரயிலிலும் இல்லை. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களுக்கு மட்டுமே விலக்கு. மெர்குரி என்ற ரோமானியத் தெய்வத்தின் கோயில் இடிபாட்டையும் வானிலை ஆய்வகத்தையும் பார்க்க வேண்டுமானால் யாராவது ஒருவர் நாயோடு அடிவாரத்தில் காத்திருக்க வேண்டியதுதான். தெற்கே, 1,800 மீட்டரைத் தாண்டும் சான்சி மலைத்தொகுதியில் ஷோத்ஃபூர் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம் இருக்கிறது. அங்கே சங்கிலியில் கட்டியிருந்தாலும் நாய் நுழையக்கூடாது. நாயைக் கண்ணால் காணாவிட்டாலும் அதன் வாசனையே காட்டு விலங்குகளைக் கலைத்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பலருக்கு இது அநியாயமாகப் படுகிறது. எனக்குப் படவில்லை, 80 குன்றுகள் உள்ள ஊரில் ஒரு உச்சியும் ஒரு பள்ளத்தாக்கும் போனால் குடி முழுகிவிடாது.

தடைக்கு விலங்குகள் மட்டும் காரணம் அல்ல, ஆடுகளும் காரணம். இந்தக் குன்றுகள் எரிமலை வடிவில் நம் கண்ணுக்குத் தெரிவதே ஆடுகளால்தான். மேய்ச்சல் இருந்தவரை சரிவுகள் மொட்டையாக, பள்ளமும் விளிம்பும் துல்லியமாகத் தெரிந்தன. இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சல் குறைந்ததும் காடு ஏறிப் பல குன்றுகளை மூடிவிட்டது. இப்போது ராவா என்ற உள்ளூர் இன ஆட்டு மந்தைகளைக் கோடையில் மேலே ஓட்டிவந்து மேய்க்கிறார்கள். சினை ஆட்டை நாய் கடிக்கவே வேண்டாம், பத்து நிமிடம் துரத்தினால் போதும், குட்டி போய்விடும். மேய்ப்பருக்கு அது ஒரு வருட வருமானத்தில் ஓட்டை.

1992இல் ஆல்ப்ஸ் பக்கம் ஓநாய் திரும்பி வந்ததிலிருந்து பிரான்சின் மலைகளில் காவல் நாய்களும் பெருகியிருக்கின்றன. 'பத்தூ' என்று செல்லமாக அழைக்கப்படும் பெரிய வெள்ளை நாய். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ந்து, ஆடுகளையே தன் சொந்தமென்று நினைப்பது. தனியாக வரும் மனிதரை அது குரைத்து, நெருங்கி மோந்து, பெரும்பாலும் விட்டுவிடும். கூட வரும் நாய் அதன் கண்ணுக்கு ஓநாய்தான். நின்றுவிட வேண்டும், நம் நாயைக் கட்டிப் பிடித்து, தடியை ஓங்காமல், கத்தாமல், மந்தையைச் சுற்றி அகலமாக விலகிப் போக வேண்டும். ஓடினால் கெட்டது. பசு விஷயத்தில் ஒரு விதி தலைகீழ். கன்றோடு நிற்கும் சலேர் பசு நாயைப் பார்த்துப் பாய்ந்து வந்தால், சங்கிலியை விட்டுவிட வேண்டும். அதன் கோபம் நாய்மேல். நாய் அதைவிட வேகமாக ஓடித் தப்பிவிடும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும் ஆளுக்குத்தான் கொம்பு.

தரைக்கு இன்னும் கீழே போனால் எலி. ஓவெர்ன் புல்வெளிகளில் நடக்கும்போது வரிசையாக மண்குவியல்கள் தெரியும். 'ரா தோப்பியே' என்ற நிலத்தடி எலியின் வேலை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை படையெடுப்பாகப் பெருகி மேய்ச்சல் நிலத்தையே உழுதுபோடும். நாய்களுக்கு இந்தக் குவியல்கள் திருவிழா. மூக்கை நுழைத்து, தோண்டி, பிடித்து, விழுங்கிவிடும். சிக்கல் அங்கே. பிரான்சின் இந்த நடு மலைநாடு, நரி நாடாப்புழு காலங்காலமாக இருக்கும் பகுதி. நரியின் கழிவிலிருந்து முட்டை புல்லுக்கும் எலிக்கும் போகிறது. எலியைத் தின்ற நாய்க்குள் புழு வளர்கிறது. நாய்க்கு ஒன்றும் தெரியாது, கொழுகொழுவென்றே இருக்கும். அதன் முடியில் ஒட்டிய முட்டை நம் கை வழியாக வாய்க்குப் போனால், பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரலில் புற்றுக்கட்டி போலப் பரவும் நோய் வரலாம். வருவது அரிது, வந்தால் கொடியது. பிராசிகுவாண்டெல் மாத்திரை புழுவைக் கொன்றுவிடும், ஆனால் மறுபடி எலி தின்றால் மறுபடி வரும். பிரான்சிலிருந்து பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ நாயோடு திரும்புகிறவர்கள், நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு இந்தச் சிகிச்சையை மருத்துவரிடம் செய்து சான்று வாங்க வேண்டியிருப்பது இந்தப் புழுவால்தான்.

மற்றவை எங்கும் உள்ளவைதான். வெயில் காயும் கற்குவியலில் விரியன், பைன் மரத்தடியில் வரிசையாக ஊர்ந்து போகும் கம்பளிப்பூச்சி (நாய் மோந்தால் நாக்கே அழுகும்), புல் நுனியில் உண்ணி. உண்ணியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பிரான்சில் நாய்களின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பபீசியா நோயை அது பரப்புகிறது. நடைக்குப் பிறகு சில நாளில் நாய் சோர்ந்து சிறுநீர் காபி நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

இவ்வளவையும் கேட்ட பிறகும் நாயைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டால், உச்சியில் அனுமதி இல்லாத டோமைவிடவும் கூட்டம் மொய்க்கும் பரியுவைவிடவும், தெற்கே இருக்கும் இரட்டைக் குன்றுகளைச் சொல்வேன். புய் த லா வாஷ், புய் த லசோலா. முதலாவதன் பொருள் பசு மலை, மதுரைக்காரர்கள் சிரிக்கலாம். எய்தா ஏரியை உண்டாக்கிய லாவா இந்த இரண்டிலிருந்தும்தான் வெளியேறியது. உள்ளே நிரம்பிய குழம்பு ஒரு பக்கச் சுவரையே தள்ளிக்கொண்டு ஓடியதால் இரண்டும் வாய் பிளந்த கிண்ணமாக நிற்கின்றன. உள்சுவர் சிவப்பு, கறுப்பு, காவி. ரந்தான் அருகே, பூங்காவின் தலைமையகமான மோன்லோசியே மாளிகைப் பக்கமிருந்து நடந்தால் அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். முதல் பகுதி காட்டுக்குள்ளே, நிழல். அப்புறம்தான் புசோலான் ஏற்றம். கோடையில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் கல் சூடேறும் முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடும்.

வெளியே ஓடிய லாவாவின் மேற்பரப்பை இங்கே 'ஷேர்' என்கிறார்கள். உடைந்த கட்டிகள் தாறுமாறாகக் குவிந்து, பாசி போர்த்தி, மேலே மரம் முளைத்த இடம். குளுமையாக இருக்கும், பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். பாசிக்கு அடியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முழங்கால் ஆழ இடுக்குகள். அணிலைக் கண்டு பாய்ந்த நாயின் கால் அதில் சிக்கி முறிவதற்கு ஒரு நொடி போதும். நிழல் இருக்கிறது என்று அவிழ்த்துவிடத் தோன்றும் இடமும் இதுதான். இங்கே பாதையை விட்டு ஓரடிகூட விடக்கூடாது.

வாஷ் கிண்ணத்தின் பிளந்த வாயில் நின்றால், எட்டாயிரம் ஆண்டுப் பழைய ஓட்டம் தெற்கே காடாக இறங்கிப் போவது தெரியும். நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாய் எதிர்ப்பக்கம் திரும்பி ஏதோ ஒரு எலிப் பொந்தை மோந்துகொண்டிருக்கும். அப்போதே காலைத் தூக்கி விரல் இடுக்கைப் பார்த்துவிடலாம். ஏறும்போது சிக்கிய சிவப்புக் கல் ஒன்றாவது அங்கே இருக்கும்.